தாட்டோன் கடலோர வயலில் உப்புப் பூக்கிறது: குழாய்க்கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாமா?

கேள்வி: தாட்டோன் வயல்காரர்

இக்குழுவிலுள்ள பெரியோர்களுக்கும் உடன் உழவர்களுக்கும் என் வணக்கம். எங்கள் நிலம் பர்மாவில் தாட்டோனுக்கு மேற்கே, மலையடிவாரத்துக்கும் மர்த்தபான் வளைகுடாவுக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் இருக்கிறது. மொத்தம் 6 ஏக்கர். பாட்டனார் காலத்திலிருந்து அதில் மழைக்கால நெல்தான் விளைந்தது; கார்த்திகையில் அறுவடை முடிந்ததும் பாசிப்பயற்றைத் தெளித்துவிட்டால், மழை விட்டுச்சென்ற ஈரத்திலேயே அது காய்த்துவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் 120 அடி ஆழத்தில் குழாய்க்கிணறு இறக்கினோம். அன்றுமுதல் பள்ளத்து வயல் 4 ஏக்கரில் கோடை நெல்லும், மேட்டு வயல் 2 ஏக்கரில் தண்ணீர் பாய்ச்சிய பாசிப்பயறும் செய்துவருகிறோம்.

முதல் இரண்டு ஆண்டுகள் விளைச்சலில் குறையில்லை. அடுத்த கோடையில் பள்ளத்து வயலின் தென்மேற்கு மூலையில், நீர் வற்றிய இடங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இந்த ஆண்டு அது வரப்புகள் எங்கும் பரவிவிட்டது. நாற்று நட்ட சில நாட்களிலேயே இலை நுனிகள் வெளுத்துச் சுருண்டன. பயற்றுச் செடிகளில் இலையோரம் கருகி உதிர்கிறது. கிணறு இறக்கிய ஆண்டே ரங்கூனிலிருந்து ஒரு ஈ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துத்திறனைக் கொண்டு உப்பைக் காட்டும் கருவி) வாங்கி நீரை அளந்துவருகிறேன். முதல் ஆண்டு ஜனவரியில் மீட்டருக்கு 0.6 டெசிசீமன்ஸ் காட்டியது; இந்த ஆண்டு ஜனவரியில் 1.3, ஏப்ரலில் 2.6.

குழாய் இறக்கியவர், 250 அடிக்குப் போனால் நல்ல நீர் கிடைக்கும் என்கிறார். உரக்கடையில், ஏக்கருக்கு இத்தனை மூட்டை ஜிப்சம் போட்டால் உப்பு முறிந்துவிடும் என்கிறார்கள். இரண்டுக்கும் கடன் வாங்கித்தான் செலவு செய்ய வேண்டும். இந்த உப்பு கடலிலிருந்து வருகிறதா, நிலத்தடியிலேயே இருந்ததா? எதை முதலில் செய்ய வேண்டும்? நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தோடு கேட்கிறேன்.

மறுமொழி 1: ரங்கூன் மண்ணியல் ஆசிரியர்

தம்பிக்கு வணக்கம். நீங்கள் தொடக்கத்திலிருந்தே அளவுகளைக் குறித்து வைத்திருப்பதால்தான் இதைப் பற்றி ஊகமாக அல்லாமல் கணக்காகப் பேச முடிகிறது. அந்த மூன்று எண்களில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது ஏப்ரலின் 2.6 அன்று, ஜனவரியின் 1.3 தான். ஏப்ரலில் உப்பு ஏறுவது கடலோரக் கிணறுகளில் இயல்பு. ஒரு முழு மழைக்காலம் பெய்து முடிந்து, நீர்மட்டம் நன்றாக ஏறியிருக்கும் ஜனவரியிலும் முதல் ஆண்டின் அளவைப்போல் இருமடங்குக்கு மேல் காட்டுகிறது என்றால், கோடையில் நீங்கள் எடுப்பதை மழை முழுமையாகத் திருப்பித் தரவில்லை என்று பொருள்.

உப்பு எவ்வளவு வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஈ.சி. 1 என்றால் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. உங்கள் ஜனவரி, ஏப்ரல் அளவுகளின் நடுவாக 1.95 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 1.25 கிராம். கோடை நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை குறைந்தது 1 மீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சுகிறோம். ஒரு ஏக்கரில் அது 4,000 கன மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் ஏக்கருக்கு ஏறத்தாழ 5 டன் உப்பை நீங்களே குழாய் வழியாக வயலில் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். பயிர் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது; வெயிலும் அப்படியே. நீரோடு வந்த உப்பு நீரோடுதான் வெளியேற முடியும், வேறு எந்த வழியும் அதற்கு இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கோடையில் வயலில் தொடர்ந்து நீரைத் தேக்குவதால் மண்ணின் மேலடுக்கில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கிறது. அது தரையிலிருந்து 4, 5 அடிக்குள் வந்துவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதைப் போல மண்ணின் நுண்துளைகள் அந்த நீரை மேலே இழுக்கும். நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தரையில் வெள்ளையாகத் தங்கும். பள்ளத்து மூலையில் முதலில் பூத்ததற்கும், வரப்புகளில் பரவியதற்கும் இதுவே காரணம். அறுவடைக்குப் பின் வயலை மொட்டையாகப் போட்டுவைத்தால் இந்த ஏற்றம் இன்னும் கடுமையாகும்.

பயிருக்கு இது என்ன செய்யும் என்பதற்கு உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட அட்டவணைகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. பாசன நீர் 0.7க்குள் இருந்தால் தடையில்லை, 0.7 முதல் 3 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 3க்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. மண்ணின் உப்பு பொதுவாகப் பாசன நீரின் உப்பைப்போல் ஒன்றரை மடங்காக நிலைகொள்ளும், அதாவது 2.6 நீரையே பாய்ச்சிக்கொண்டிருந்தால் மண் 3.9 வரை போகலாம். நெல் 3 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் நூற்றுக்கு 12 குறையும், ஆகவே 3.9இல் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பாசிப்பயறு மிகவும் மென்மையான பயிர்: 1.8 தாண்டினாலே அலகுக்கு நூற்றுக்கு 20 வீதம் வீழும், 3.9இல் நூற்றுக்கு 40க்கு மேல் போய்விடும். நெல்லிலும்கூட நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்புக்கு மிக எளிதில் நொடிந்துபோகும் என்பதால், ஏப்ரல் நீர் பூக்கும் பயிரின் மேல் போகும்போது கணக்கு இதைவிட மோசமாகும்.

இனி, உப்பு எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் கேள்வி. கடல்நீரின் ஈ.சி. ஏறத்தாழ 50. உங்கள் 0.6 நீர் 2.6 ஆவதற்கு நூற்றுக்கு 4 பங்கு கடல்நீர் கலந்தாலே போதும். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் சற்றே எடை கூடியது என்பதால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால் அதன் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது: பம்ப் வைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், கீழே உள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலெழ இடமுண்டு. அப்படிக் கிணற்றின் அடியிலிருந்து கூம்பாக எழுவது ஒரு வகை. கடல் பக்கத்திலிருந்து படுகை வழியே பக்கவாட்டில் நகர்ந்து வருவது இன்னொரு வகை.

இரண்டில் உங்களுடையது எது என்பதை ஒரே நாளில் அறியலாம். பம்பை ஒரு நாள் முழுவதும் ஓய்வில் விட்டு, மறுநாள் காலை ஓடவிட்ட கால் மணி நேரத்தில் ஒரு முறையும், அதன்பின் மணிக்கு ஒரு முறையும் அளந்து எழுதுங்கள். இறைக்க இறைக்க உப்பு ஏறினால் அது அடியிலிருந்து எழுகிறது. காலையிலும் மாலையிலும் ஒரே அளவாக இருந்து, ஆண்டுக்கு ஆண்டு மட்டும் கூடினால் அது பக்கவாட்டில் வருகிறது. முதலாவது, இறைப்பதைக் குறைத்தால் மெல்ல அடங்கும். இரண்டாவதை ஒரு வயல்காரர் மட்டும் தனியாகத் தடுக்க முடியாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், நகரத்துக்கும் பாசனத்துக்குமாக இறைத்ததில், 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர் 1987க்குள் 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது.

விளைநிலத்தின் மண்ணை உங்கள் ஊர் மழை கழுவிவிடும். அதற்கு வழி செய்வதைப் பற்றி மற்றவர்களும் சொல்வார்கள். நிலத்தடிப் படுகை அவ்வளவு விரைவாகக் கழுவப்படுவதில்லை. ஆகவே முதலில் காக்க வேண்டியது கிணற்று நீரை. மண் அதற்கு அடுத்ததுதான். இந்தச் சோதனையைச் செய்யும் வரை ஆழப்படுத்தவும் வேண்டாம், ஜிப்சம் வாங்கவும் வேண்டாம்.

மறுமொழி 2: பியாப்போன் உழவர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஐராவதி டெல்டாவில் நாங்கள் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயலில் கடல் எங்கள் வயல்களின் மேலேறி வந்தது. உயிரிழப்பைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. நிலத்தைப் பொறுத்தவரை, உப்பு மூடிய வயல்களில் இனி பல ஆண்டுகளுக்கு ஒன்றும் முளைக்காது என்றே பலரும் நினைத்தார்கள். புயலுக்குப் பின்னாலேயே பருவமழை இறங்கியது. வடிகால் திறந்திருந்த வயல்களில் மழைநீர் தேங்கி, உப்பைக் கரைத்து, வெளியே போனது. அவற்றில் அந்த ஆண்டே நட்டவர்கள் உண்டு. நீர் வெளியேற வழியில்லாமல் கிண்ணம்போல் கிடந்த வயல்களில்தான் உப்பு நெடுநாள் நின்றது. குடிநீர்க் குளங்களை இறைத்து வெறுமையாக்கி மழையில் நிரப்பினோம், அவை தெளிந்தன. ஆழமில்லாத கிணறுகளோ அதற்குப் பின்னும் வெகுநாள் கரித்தன. ஐயா சொல்லும் வேறுபாட்டை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

தாட்டோன், மோல்மீன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. உப்பைக் கழுவ நீருக்குக் குறைவில்லை. அது போவதற்கு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே உங்கள் பள்ளத்து வயலின் நீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, அந்த வாய்க்கால் கடலோடையைச் சேரும் இடத்தில் மதகு இருக்கிறதா, அதன் கதவு மூடித் திறக்கிறதா என்பதை முதலில் போய்ப் பாருங்கள். ஜூன் மாதத்தில் முதல் மழைகள் விழுந்ததும் வயலை ஒரு சால் உழுது, நீரைக் கட்டி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கடலோதம் இறங்கும் நீர்வற்றத்தின்போது மதகைத் திறந்து வடித்துவிட வேண்டும். ஓதத்தின் ஏற்றம் திரும்புவதற்குள் கதவை இறக்கிவிட வேண்டும். இப்படி நடவுக்கு முன் இரண்டு மூன்று தடவை செய்தால் தரைமேல் பூத்த உப்பு பெரும்பாலும் போய்விடும். அக்டோபர் இறுதியில், மழை ஓயும் சமயத்தில் அதே கதவை மூடி நன்னீரை வாய்க்காலிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடைநீர் கரிக்கத் தொடங்கிய பின் மூடினால் உப்பைத்தான் உள்ளே பூட்டிவைப்போம். மீன் பிடிப்பவர்களும் இறால் வளர்ப்பவர்களும் கதவு திறந்திருப்பதையே விரும்புவார்கள். எங்கள் பக்கம் இது ஆண்டுதோறும் வாக்குவாதமாகிறது. நடவுக்கு முன்பே ஊரார் கூடி, எந்த நாளில் மூடுவது, எந்த நாளில் திறப்பது என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வடிகால் வெட்ட வேண்டும் என்றதும் ஆழமாக வெட்டிவிடாதீர்கள். சதுப்புக்காடு அழித்து வயலாக்கிய இடங்களில், அடிமண்ணில் கந்தகம் கலந்த கருஞ்சாம்பல் நிறச் சேறு இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. ஆழமான வாய்க்கால் வெட்டி அதைக் காற்றுப்பட வைத்தால் அமிலம் ஊறி, வாய்க்கால் நீர் துருநிறமாகும். பயிர் மட்டுமல்ல, மீனும் சாகும். முதலில் ஒரு குழி வெட்டி அடிமண்ணை எடுத்துக் காயவைத்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தோன்றி, முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் அந்த ஆழத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: மோன்யுவாவிலிருந்து

நான் நடுப் பர்மாவின் உலர்வலயத்தில் இருப்பவன். எங்கள் பக்கம் ஆண்டு மழை 500 முதல் 1,000 மில்லிமீட்டர்தான். உங்களுக்குக் கிடைக்கும் மழை எங்களுக்குக் குறைந்தது நான்கைந்து ஆண்டுகளில் கிடைப்பது. ஆகவே எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கேட்ட இரண்டு செய்திகளுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆழப்படுத்துவது பற்றி: ஆழமான நீர் நல்ல நீர் என்ற நம்பிக்கைக்கு நிலவியலில் பொதுவான ஆதாரம் இல்லை. இங்கே ஐராவதிப் படுகையின் மணலடுக்குகளில் நன்னீர் கிடைக்கிறது. அதற்கும் அடியில் இருக்கும் 'பெகு' எனப்படும் பழைய பாறையடுக்குகளைத் தொட்டால் பெரும்பாலும் உவர்நீர்தான். கூடுதலாக நூறு அடி இறக்கி, உப்புநீருக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கடலோரத்தில் களிமண் அடுக்குக்குக் கீழே நன்னீர் இருந்தாலும் இருக்கலாம். அப்படி இருந்தால் ஆபத்து இன்னும் பெரியது: குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்காமல் விட்டால், மேலடுக்கின் உப்புநீர் அந்த வழியாகவே கீழிறங்கி நல்ல படுகையையும் கெடுத்துவிடும். அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. ஆழத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குபவரின் யோசனையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

ஜிப்சம் பற்றி: அது உவர் நிலத்துக்கான மருந்தன்று, களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்தில் வெள்ளை உப்பு பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும். நல்ல நீர் கழுவிச் சென்றாலே போதும். களர் நிலத்தில் மண்ணின் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை (pH) 8.5ஐத் தாண்டும், நீர் உள்ளே இறங்காது, காய்ந்தால் கல்லாக இறுகும். எங்கள் பக்கத்து உவர்மண்ணை முன்னாட்களில் துணி வெளுக்க எடுத்தார்கள் என்றால் அதிலிருக்கும் சோடா அப்படி. களர் மண்ணில் ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைப் பெயர்த்து விடுகிறது. பெயர்ந்த சோடியத்தையும் பிறகு நீர்தான் வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது, இருக்கும் உப்போடு இன்னொரு உப்பைச் சேர்ப்பதாகும்.

உங்கள் மண் எது என்பதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை நிரப்பி, காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றை அசையாமல் இறக்கி, ஒரு நாள் விட்டுவையுங்கள். கட்டி சரிந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் தேவையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் படர்ந்தால் சோடியம் பிடித்திருக்கிறது. கடல்நீர் கலந்த நிலங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு: உப்பு இருக்கும்வரை களி கலையாது, மழை உப்பைக் கழுவிய பின்னரே சோடியத்தின் வேலை வெளிப்பட்டு, மண் கரைந்து, இறுகத் தொடங்கும். எனவே இந்தச் சோதனையை இப்போது ஒரு முறையும், மழைக்காலத்துக்குப் பின் ஒரு முறையும் செய்ய வேண்டும்.

கேட்டவரின் பதில்: தாட்டோன் வயல்காரர்

ஐயாவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பம்பை ஒரு நாள் நிறுத்திவைத்து மறுநாள் அளந்தேன். ஓடவிட்ட கால் மணி நேரத்தில் 1.9, ஒரு மணி நேரத்தில் 2.1, மூன்றாம் மணியில் 2.4, ஆறாம் மணியில் 2.7. நெல்லுக்கு நாங்கள் வழக்கமாக விடியற்காலையில் தொடங்கி மாலைவரை நிறுத்தாமல் இறைப்போம். மண்கட்டிச் சோதனையில் மேட்டு வயல் மண் தெளிவாக நின்றது. பள்ளத்து வயல் மண்ணைச் சுற்றி இலேசான கலங்கல் தெரிகிறது. குழி வெட்டிப் பார்த்ததில் 3 அடிவரை பழுப்புக் களிமண்தான். அதற்குக் கீழே கருஞ்சாம்பல் நிறமாகிறது, நாற்றமும் உண்டு. ஓடைமுகத்து மதகின் கதவு துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையிலேயே நிற்கிறது. ஏற்றத்தின்போது ஓடைநீர் உள்ளே வருவதை இப்போதுதான் கவனித்துப் பார்த்தேன்.

எங்களைச் சுற்றி இன்னும் மூன்று குழாய்க்கிணறுகள் இருக்கின்றன, எல்லாம் கோடை நெல்லுக்கு இறைப்பவை. கோடை நெல்லை விட்டுவிடத்தான் வேண்டுமா? கிணற்றுக்குப் பட்ட கடன் இன்னும் முடியவில்லை என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 4: ரங்கூன் மண்ணியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் எழுதிய அளவுகள் தெளிவாகப் பேசுகின்றன. ஆறு மணி நேரத்தில் 1.9 லிருந்து 2.7 ஆக ஏறுகிறது என்றால் உப்புநீர் கிணற்றின் அடியில் கூம்பாக எழுந்து நிற்கிறது. இது இரண்டில் சற்று நல்ல செய்தி, இறைப்பதைக் குறைத்தால் அடங்கக்கூடியது. ஓய்வுக்குப் பிறகும் 1.9இல் தொடங்குவதால் முழுவதும் அடங்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அடியில் உப்பு இருப்பது இதனால் உறுதியாகிறது. 250 அடி யோசனையை விட்டுவிடுங்கள்.

கோடை நெல்லைப் பற்றி உங்களுக்கு ஆறுதலாகப் பேசுவதைவிட உண்மையைச் சொல்வதே நியாயம்: அந்தக் கிணற்றை நம்பி இனிக் கோடை நெல் வைக்காதீர்கள். 1992இல் கோடை நெல் திட்டம் நாடெங்கும் தொடங்கியபோது அது ஆறு, கால்வாய் நீரையும் நம்பித்தான் பரவியது. கடலோரத்து மணற்படுகை அந்தச் சுமையைத் தாங்காது. 4 ஏக்கர் கோடை நெல்லுக்கு நீங்கள் 16,000 கன மீட்டர் இறைக்கிறீர்கள். 6 ஏக்கரிலும் பயறு வகை வைத்து, 50 மில்லிமீட்டர் வீதம் இரண்டு தண்ணீர் கொடுத்தால் மொத்தத் தேவை 2,400 கன மீட்டர்தான். இறைப்பது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

அந்த 2,400ஐயும் கிணற்றிலிருந்தே எடுக்க வேண்டியதில்லை. மேட்டு வயலின் ஓரத்தில் அரை ஏக்கரை ஒதுக்கி மழைநீர்க் குளம் அமைக்கலாம். உங்கள் அடிமண்ணை வைத்துப் பார்த்தால் 3 அடிக்கு மேல் தோண்டக் கூடாது; தோண்டிய மண்ணைக் கொண்டே சுற்றிலும் 5 அடிக் கரை எழுப்பி, நீரைத் தரைமட்டத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். 8 அடி நீர் நின்றால், கரைச்சரிவு போக ஏறத்தாழ 4,000 கன மீட்டர் கொள்ளும். மார்ச் வரை ஆவியாவதும் கசிவதும் போக இரண்டு தண்ணீருக்குப் போதுமானது மிஞ்சும். களிமண்ணைச் சேறாக மிதித்துக் கரையின் உட்புறத்தில் பூசினால் கசிவு குறையும். கிணற்றை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே மூச்சில் இறைக்காமல், பம்பின் வேகத்தைக் குறைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டி அரை நாள் நிறுத்தி, அளவு 2ஐத் தொட்டதும் அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

பயிரைப் பொறுத்தவரை, பள்ளத்து வயலில் பாசிப்பயறு வேண்டாம். அதே அட்டவணையில் காராமணிக்கு எல்லை 4.9 என்று இருக்கிறது. உங்கள் மண்ணுக்கு அது பொருந்திவரும், நம் நாட்டு டெல்டாவில் பழகிய பயிரும்கூட. இரகத்துக்கு இரகம் தாங்கும் அளவு மாறும் என்பதால் முதல் ஆண்டில் ஒரு பகுதியில் மட்டும் வைத்துப் பாருங்கள். மேட்டு வயலில் பாசிப்பயற்றை, பழைய வழக்கப்படி நெல் அறுத்த உடனே, ஈரம் காயும் முன் விதைத்து, வைக்கோலைப் பரப்பி மூடுங்கள்; தரை மூடியிருந்தால் ஆவியாதலும் குறையும், உப்பின் ஏற்றமும் குறையும். பாத்தி எடுத்து விதைப்பதானால் வரப்பின் உச்சியில் விதைக்காமல் சரிவில் விதையுங்கள். நீர் ஏறி ஆவியாகும் உச்சியில்தான் உப்பு குவியும். தெளிப்பான் வைத்து இலைமேல் இந்த நீரைத் தெளிக்கவே கூடாது. மழைக்கால நெல்லுக்கு உப்பைத் தாங்கும் விதை கிடைத்தால் பள்ளத்து வயலுக்கு வாங்குங்கள். கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லிலிருந்து எடுத்த உப்புத் தாங்கும் மரபுக்கூறு இன்று பல ஆசிய இரகங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளத்து மண்ணில் இலேசாகக் கலங்கல் தெரிவதால் ஜிப்சத்தை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம், இப்போதே வாங்கவும் வேண்டாம். ஜூன், ஜூலையில் பியாப்போன் நண்பர் சொன்னபடி கழுவி வடித்து, அறுவடைக்குப் பின் மீண்டும் குவளைச் சோதனை செய்து, கலங்கல் கூடியிருந்தால் மட்டும் ஆய்வகத்தில் அளந்து, தேவையான அளவை இடலாம். மண்ணின் உப்பை வீட்டிலேயே பார்க்க, காய்ந்த மண் ஒரு பங்குக்கு மழைநீர் ஐந்து பங்கு என்று எடை போட்டுக் கலக்கி, தெளியவிட்டு மீட்டரில் அளந்து, உங்கள் களிமண்ணுக்கு அந்த எண்ணை 7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். தோராயமான அளவுதான், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடப் போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் சரிசெய்ய வேண்டியது அந்த மதகுக் கதவை. உங்கள் வயலுக்கு உப்பு கிணற்றிலிருந்து மட்டும் வரவில்லை, ஏற்றத்தின்போது ஓடையிலிருந்தும் வருகிறது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்; கதவு மூடாதவரை ஜூனில் கழுவுவதும் பயன்படாது. அதன் செலவு ஊரார் எல்லாருக்கும் பொதுவானது என்பதால் மழைக்கு முன்பே பேசித் தொடங்குங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் மூவரையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள். நால்வரும் ஒரே படுகையிலிருந்து எடுக்கிறீர்கள்; நீங்கள் மட்டும் நிறுத்தி மற்ற மூவரும் கோடை நெல்லைத் தொடர்ந்தால் உங்கள் நீர்மட்டமும் தாழ்ந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் மீட்டரையே எடுத்துச் சென்று, அவரவர் கிணற்றில் அவரவர் முன்னிலையில் ஓய்வு நீரையும் ஆறாம் மணி நீரையும் அளந்து காட்டுங்கள். அவற்றின் ஆழம், ஓடையிலிருந்து உள்ள தொலைவு, இரு அளவுகள் ஆகியவற்றை இங்கே எழுதினால், எந்தக் கிணற்றிலிருந்து எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்று நவம்பருக்குள் கணக்கிட்டுச் சொல்கிறேன்.